கறுப்புப் பட்டியலுக்கும் கதவு வேண்டும்

மின்னஞ்சல் உலகில் ஒரு நீதிமன்றம் இயங்கி வருகிறது. அங்கே நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவர் அழைக்கப்படுவதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நொடியும் அங்கே எண்ணற்ற தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. வழங்கிய கணமே அவை நிறைவேற்றவும்படுகின்றன. குப்பை மின்னஞ்சலைத் தடுப்பதற்கென வைக்கப்பட்டுள்ள கறுப்புப் பட்டியல்களையே இவ்வாறு குறிப்பிடுகிறேன். அப்பட்டியல்கள் தேவையில்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. அவை தேவை, மிகத் தேவை. ஆனால் அவற்றை நடத்துவோர் பலர், நெடுங்காலமாக ஒரு வாதத்தின் பின்னே ஒதுங்கி நிற்கின்றனர். "நாங்கள் எவருடைய அஞ்சலையும் தடுப்பதில்லை, எங்கள் கருத்தை வெளியிடுகிறோம், அதனை ஏற்பதும் விடுப்பதும் பிறர் விருப்பம்" என்பதே அவ்வாதம். அது பாதி உண்மை. பாதி உண்மையின்மீது ஒரு பொதுப்பணியைக் கட்டி எழுப்ப இயலாது என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இவ்வெண்ணம் நூல்களைப் படித்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் செயலவையில் பணியாற்றிய சிறிய தமிழ்ச் சங்கம் ஒன்று, தோட்டப் பள்ளியில் முப்பதாண்டுக்கு மேல் தமிழ் கற்பித்து மறைந்த ஆசிரியர் ஒருவருக்கு நினைவுக் கூட்டம் நடத்தியது. அவரிடம் பயின்று இன்று அலுவலகங்களில் நல்ல பொறுப்புகளில் இருப்போர் பலருக்கும் அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பினோம். கூட்டத்தன்று மண்டபத்தில் பாதி இருக்கைகள்கூட நிரம்பவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியரின் துணைவியார் அடிக்கடி வாயிற்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வராதவர்கள் நன்றி மறந்தவர்கள் என்றே நாங்களும் அன்று எண்ணினோம்.

மறுநாள்தான் செயலாளர் சங்கத்தின் அஞ்சற்பெட்டியைத் திறந்து பார்த்தார். அழைப்புகள் பல திரும்பி வந்து கிடந்தன. அனுப்பிய சேவையகத்தின் முகவரி கறுப்புப் பட்டியலில் உள்ளதால் ஏற்க இயலாது என்ற ஒரே வரி ஒவ்வொன்றிலும் காணப்பட்டது. விசாரித்தபோது செய்தி தெளிந்தது. எங்களுக்கு இணையத்தில் இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனம், அதே சேவையகத்தில் வேறு பலரையும் குடிவைத்திருந்தது. அவருள் ஒருவருடைய வலைத்தளத்திற்குள் எவனோ புகுந்து, போலி மருந்து விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தான். அம்முகவரி பட்டியலில் ஏறியது. அதே முகவரியிலிருந்து புறப்பட்ட எங்கள் அழைப்பும் தடுக்கப்பட்டது.

நாங்கள் மூன்று இடங்களில் முறையிட்டோம். இடங்கொடுத்த நிறுவனம், "தடுத்தது நாங்கள் அல்லர், பட்டியல் வைத்திருப்போரைக் கேளுங்கள்" என்றது. பட்டியல் வைத்திருந்தோர், "நாங்கள் தகவல் மட்டுமே தருகிறோம், உங்களுக்கு இடங்கொடுத்தவரிடம் பேசுங்கள்" என்றனர். அழைப்பை மறுத்த அலுவலகம் ஒன்று, "பட்டியல் சொல்வதை எங்கள் இயந்திரம் பின்பற்றுகிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று விடையிறுத்தது. மூவர் கூற்றையும் சேர்த்துப் பார்த்தால், எவருமே செய்யாத ஒரு செயலால் எங்கள் அழைப்புகள் சென்று சேரவில்லை என்றாகிறது! இந்த விந்தையைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

பட்டியல் பிறந்த காரணம்

முதலில் பட்டியலின் பக்கம் நின்று பேசுவோம். நேர்மையான வாதத்திற்கு அதுவே முறை.

வேண்டாத விளம்பரத்தை மின்னஞ்சலில் கூட்டமாக அனுப்பும் வழக்கம், இணையம் இன்றைய உருவம் பெறுவதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1978-ஆம் ஆண்டு மே திங்களில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பார், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றிய அறிவிப்பை ஒரே முறையில் அனுப்பினார். பெற்றவர்கள் சினந்தனர். ஆனால் கதவு திறந்துவிட்டது. தொண்ணூறுகளில் இணையம் பொதுமக்களிடம் பரவியபோது, அஞ்சல் சேவையகங்கள் பலவும் எவர் கொடுத்த அஞ்சலையும் எவருக்கும் கொண்டு சேர்க்கும் பழைய நல்லெண்ணத்துடனேயே இயங்கின. குப்பையஞ்சல் வணிகர்கள் அந்த நல்லெண்ணத்தைக் கொள்ளையிட்டனர். அனுப்புவோனுக்கு ஒரு கடிதத்திற்கும் ஆயிரம் கடிதத்திற்கும் செலவு வேறுபாடு பெரிதில்லை. பெறுவோரும் அவர்தம் நிறுவனங்களுமே செலவைச் சுமந்தனர்.

இந்நிலையில் 1997-ஆம் ஆண்டு, பால் விக்சி முதலிய வல்லுநர்கள் அமெரிக்காவில் முதல் பட்டியலைத் தொடங்கினர். 'ஸ்பேம்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, 'மேப்ஸ்' என்று தம் அமைப்புக்குப் பெயரிட்டனர். மறு ஆண்டு, 1998-இல், ஸ்டீவ் லின்ஃபர்டு இலண்டனில் ஸ்பேம்ஹாஸ் அமைப்பை நிறுவினார். பெரும்பாலும் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட இத்தகைய பட்டியல்களே, திறந்து கிடந்த சேவையகங்களைப் பூட்டும்படி உரியவர்களை நெருக்கின. சட்டம் அப்பணியைச் செய்யவில்லை. சிங்கப்பூர் 2007-ஆம் ஆண்டு குப்பையஞ்சல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, விளம்பர அஞ்சலின் தலைப்பில் அடையாளமிடவும் விலகிக்கொள்ள வழிதரவும் கட்டளையிட்டது. நல்ல சட்டமே. ஆனால் ஒரு நாட்டில் இருந்துகொண்டு, மற்றொரு நாட்டினரின் கணினிகளைக் களவாகப் பயன்படுத்தி, மூன்றாம் நாட்டாருக்கு அஞ்சல் விடுக்கும் ஒருவனை எந்த நாட்டுச் சட்டம் எளிதில் எட்டும்?

பட்டியல் இயங்கும் முறை வியக்கத்தக்க எளிமையுடையது. அஞ்சல் சேவையகத்தை மற்றொரு சேவையகம் தொடர்புகொள்ளும்போது, அழைப்பவரின் எண் முகவரி தெரியும். 192.0.2.99 என்பது அம்முகவரி எனக் கொள்வோம். பெறும் சேவையகம் அந்நான்கு எண்களையும் தலைகீழாக வரிசைப்படுத்தி, பட்டியலின் களப்பெயரைப் பின்னே சேர்த்து, களப்பெயர் முறையினிடத்தில் ஒரு வினா விடுக்கிறது. 127.0.0.2 என்பது போன்ற விடை வந்தால், அம்முகவரி பட்டியலில் உண்டு; அப்படியொரு பெயரே இல்லை என்று விடை வந்தால், பட்டியலில் இல்லை. கண் இமைப்பதற்குள் அனைத்தும் முடிந்துவிடும். இக்காவல் இல்லையேல் மின்னஞ்சல் என்றோ மடிந்திருக்கும். உலகில் ஓடும் மின்னஞ்சலில் ஏறத்தாழப் பாதி இன்றும் குப்பையே.

நடத்துவோர் படும் பாடு

பட்டியலை நடத்துவது எளிய வேலையன்று. பகைவர்கள் வெறும் வசைமொழியோடு நின்றுவிடுவதில்லை. 2003-ஆம் ஆண்டில் பட்டியல்கள் பல, பொய்யான வினாக்களை வெள்ளமெனப் பொழிந்து திணறடிக்கும் தாக்குதலுக்கு ஆளாகி மூடப்பட்டன. 2013 மார்ச்சில், சைபர்பங்கர் என்னும் நிறுவனத்தின் முகவரிகளைப் பட்டியலிட்டதை அடுத்து, ஸ்பேம்ஹாஸ்மீது நொடிக்கு 300 கிகாபிட் அளவுவரை தாக்குதல் நடந்தது. அதுவரை உலகம் வெளிப்படையாக அறிந்திருந்த தாக்குதல்களில் அதுவே பெரியது.

நீதிமன்ற வழக்குகள் மற்றொரு தொல்லை. நியூசிலாந்தில் நடந்துவந்த 'ஆர்ப்ஸ்' என்னும் பட்டியல், நீதிமன்றத் தடையாணைகளைத் தொடர்ந்து 2001-இல் மறைந்தது. அமெரிக்காவில் இ360 என்னும் அஞ்சல் விளம்பர நிறுவனம் ஸ்பேம்ஹாஸ்மீது வழக்குத் தொடுத்தது. அந்நாட்டு நீதிமன்றத்திற்குத் தம்மீது அதிகாரமில்லை என்று கூறி ஸ்பேம்ஹாஸ் வழக்காடாமல் விலகவே, 2006-இல் 11.7 மில்லியன் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் 2010-இல் அத்தொகை 27,002 டாலராகக் குறைந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் குறைத்து வெறும் 3 டாலராக்கியது. முடிவு நல்லதே. ஆனால் அந்த 3 டாலரை எட்டும்வரை ஆண்டுகள் சென்றன. எத்தனை சிறிய பட்டியல்களால் இதைத் தாங்க முடியும்?

இவற்றைவிடக் கடினமானது சான்று பற்றிய சிக்கல். பட்டியல் நடத்துவோர், எவரும் பயன்படுத்தாத அஞ்சல் முகவரிகளைப் பொறிகளாக வைத்திருப்பர். அம்முகவரிக்கு வரும் விளம்பரம் அனுமதி பெறாதது என்பது தெளிவு. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் "சான்று காட்டுக" என்றால், முழு அஞ்சலையும் காட்ட இயலாது. காட்டினால் பொறியின் முகவரி வெளியாகிவிடும். குப்பையஞ்சல் வணிகன் அதனை மட்டும் நீக்கிவிட்டுத் தன் தொழிலைத் தொடர்வான். காட்டாவிட்டாலோ, மறைவில் நடக்கும் விசாரணை என்ற பழி வரும். மேலும், வேண்டாதவர் ஒருவர் பொறி முகவரியை ஒரு நல்ல சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் களவாகச் சேர்த்துவிட்டால், அச்சங்கமும் குற்றவாளியாகத் தோன்றும்.

முகவரிகளின் பெருக்கம் இன்னொன்று. குற்றவாளிகள் ஒரே முகவரியிலிருந்து அனுப்பாமல், நூற்றுக்கணக்கான முகவரிகளில் சிறிது சிறிதாகப் பரப்பி அனுப்புகின்றனர். பழைய முறையிலாவது உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி எண் முகவரிகளே உண்டு. புதிய ஆறாம் பதிப்பு முறையில், ஒரே வீட்டுக்கு வழங்கப்படும் தொகுதியே அவ்வெண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெரியது. தனித்தனியே பட்டியலிட்டால் பட்டியல் முடிவுறாது. தொகுதியாகப் பட்டியலிட்டால் குற்றமற்றவரும் அகப்படுவர். களையைப் பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கும் இடர் இத்தொழிலுடன் பிறந்தது.

இவ்வளவு துன்பத்தையும் தாங்கிப் பணியாற்றுவோரை நான் மதிக்கிறேன். ஆனால் துன்பம் பொறுப்பை நீக்கிவிடாது.

கருத்தா, தீர்ப்பா?

இனி, "நாங்கள் கருத்தே கூறுகிறோம்" என்ற வாதத்திற்கு வருவோம்.

ஒரு திறனாய்வாளர் ஒரு நூலைத் தரமற்றது என்று எழுதினால் அது கருத்து. வாசகர் அதனைப் படிக்கிறார், காரணங்களை எடைபோடுகிறார், விரும்பினால் அந்நூலை வாங்கிப் பார்த்து மாறுபடவும் செய்கிறார். பட்டியலில் ஏறிய முகவரிக்கு இந்நிலை உண்டா? அதனைப் படிப்பது மனிதர் அல்லர், இயந்திரம். இயந்திரம் காரணம் கேட்பதில்லை, ஐயப்படுவதில்லை. ஒரு சொல் உரைத்தவுடன் அதன்படியே நடக்குமாறு உலகமெங்கும் இயந்திரங்கள் காத்திருக்கின்றன என்பதை அறிந்துகொண்டே ஒருவர் அச்சொல்லை உரைப்பாராயின், அது கருத்து என்னும் நிலையைக் கடந்து ஆணை ஆகிவிடுகிறது. ஸ்பேம்ஹாஸ் தன் தரவு 300 கோடிக்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளைக் காப்பதாகப் பெருமையுடன் கூறுகிறது. அப்பெருமை உண்மையானால், அதற்கேற்ற பொறுப்பும் உண்மைதானே?

ஐயமுள்ளோர் 2003 ஆகஸ்டில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். தாக்குதலைத் தாங்க மாட்டாத ஓசிருசாஃப்ட் என்னும் பட்டியல், தன் பணியை நிறுத்தும்போது உலகத்தின் எல்லா முகவரிகளையும் குற்றமுடையவை என்று அறிவித்துவிட்டது. பட்டியலை நம்பியிருந்தோர் அதனைக் கைவிடும்படி செய்வதற்கு மேற்கொண்ட வழி அது. விளைவு யாது? அப்பட்டியலைப் பயன்படுத்திய சேவையகங்கள் குப்பையோடு நல்ல அஞ்சலையும் திருப்பின. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதை. பட்டியல் வெறும் கருத்தே என்றால், ஒருவர் கருத்தை மாற்றிக்கொண்ட அளவில் இத்தனை பேரின் கடிதங்கள் எவ்வாறு நின்றன? அந்நிகழ்ச்சி ஒன்றே அவ்வாதத்தை வீழ்த்தப் போதுமானது.

சிலப்பதிகாரத்தில், தன் களவை மறைக்க விரும்பிய பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்று சுட்டினான். அவன் வாளெடுக்கவில்லை, சொல்தான் சொன்னான். மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான், வெட்டியவன் காவலன். பட்டியல் நடத்துவோரைப் பொற்கொல்லனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அவருள் பெரும்பாலோர் நேர்மையாளர். நான் சுட்ட விரும்புவது வேறு. பாண்டியன், "சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன், எனக்கென்ன?" என்று கேட்கவில்லை. உண்மை வெளிப்பட்டபோது பழியைத் தன்மேல் ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான். பழியைக் கைமாற்றிக் கைமாற்றி இறுதியில் இல்லாமற் செய்துவிடும் முறையை நம் மரபு நீதி என்று கொள்ளவில்லை.

ஒழித்துவிடலாமா?

அப்படியானால் பட்டியல்களையே ஒழித்துவிடலாம் என்று சிலர் கூறுவர். அவர்களுக்கும் என் மறுப்பு உண்டு.

பொதுப் பட்டியல்கள் மறைந்தால் தடுப்பு மறைந்துவிடாது. அது கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் சென்றுவிடும். இன்று உலக மின்னஞ்சலில் பெரும்பகுதி மிகச் சில பெருநிறுவனங்களின் கையில் உள்ளது. அவை தத்தமக்கெனத் தனிக் கணக்குகள் வைத்திருக்கின்றன. அவற்றில் நம் முகவரியின் மதிப்பு என்ன, எக்காரணத்தால் தாழ்ந்தது என்பதை முழுமையாக அறிய நமக்கு வழியில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கூட்டமாக அஞ்சல் அனுப்புவோருக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தன. ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் கூகுள் பெட்டிகளுக்கு அனுப்புவோர் தம் களப்பெயரை மூவகையில் மெய்ப்பிக்க வேண்டும். முறையீட்டு அளவு 0.3 விழுக்காட்டை எட்டலாகாது. விதிகள் தவறென்று சொல்லமாட்டேன். அவற்றை வகுப்போர் அஞ்சலைப் பெறுபவராகவும், அதே வேளையில் அஞ்சற்சேவை விற்கும் வணிகராகவும் இருக்கின்றனர் என்பதையே சுட்டுகிறேன். பெருநிறுவனத்தின் முகவரியிலிருந்து குப்பை வந்தாலும், அதனைத் தடுத்தால் நல்லஞ்சலும் பேரளவில் நின்றுவிடுமே என்று பிறர் அஞ்சுவர். சிறு சங்கத்தின் சேவையகத்தைத் தடுக்க எவரும் அஞ்சார்.

இருபதாண்டுக்கு மேல் இயங்கிய 'சார்ப்ஸ்' என்னும் பட்டியல் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. இவ்வாறு ஒவ்வொன்றாக மறைந்தால் எஞ்சுவது யாது? பொதுப் பட்டியலில் நம் முகவரி இருப்பதையேனும் எவரும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பெருநிறுவனத்தின் உள்ளறைக் கணக்கில் அதுவும் இயலாது. எனவே பட்டியல்கள் பிழைத்திருக்க வேண்டும். மக்கள் நம்பிக்கையோடு பிழைத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

நம்பிக்கைக்குரிய வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 2012-ஆம் ஆண்டு வெளியான 6471-ஆம் எண் ஆவணம், பட்டியல் நடத்துவோர்க்குரிய ஒழுக்கங்களைத் தெளிவாக வகுத்துள்ளது. எதற்காகப் பட்டியலிடுகிறோம், எவ்வாறு நீக்குகிறோம் என்பதை அனைவரும் அறிய வெளியிட வேண்டும். பதிவுகள் காலவரையறையுடன் இருத்தல் வேண்டும். நீக்கும்படி கேட்பதற்குத் தெளிவான வழி வேண்டும். மூடுவதானால் பிறருக்குத் தீங்கின்றி மூட வேண்டும். நீக்குவதற்கோ விரைந்து நீக்குவதற்கோ கட்டணமோ நன்கொடையோ கேட்கலாகாது என்றும், அவ்வாறு கேட்பது மிரட்டிப் பணம் பறிப்பதை ஒத்துத் தோன்றும் என்றும் அவ்வாவணம் இடித்துரைக்கிறது. ஆனால் அது அறிவுரையே, கட்டாயமன்று. விரைந்து நீக்கப் பணம் பெறும் பட்டியல்கள் இன்றும் உள்ளன. சிறைக்கதவின் சாவியை விலைபேசுவோன் காவலன் ஆகான். அத்தகைய பட்டியல்களைப் பயன்படுத்தாது விடுவதே அவற்றைத் திருத்தும் வழி.

அடுத்து, பட்டியலைப் பயன்படுத்துவோர். ஒரு சேவையகத்தை அமைக்கும் நாளில் ஐந்தாறு பட்டியல்களின் பெயரை எழுதிவைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பாராத நிர்வாகிகள் பலர். மூடப்பட்ட பட்டியலிடமும் அவர்தம் இயந்திரம் நாள்தோறும் வினா எழுப்பிக்கொண்டிருக்கும்! ஒரே பட்டியலின் சொல்லைக் கொண்டு கதவடைக்காமல், பல அறிகுறிகளையும் கூட்டி மதிப்பிடும் முறை நெடுங்காலமாக உண்டு. அதனைக் கையாளட்டும். மறுக்க நேர்ந்தால் எப்பட்டியலால் மறுக்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லித் திருப்பட்டும், ஓசையின்றி விழுங்கிவிடலாகாது.

குற்றத்தின் பெரும்பங்கு, குப்பைக்கு இடங்கொடுத்துப் பணம் பண்ணும் நிறுவனங்களையே சாரும். 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் இருந்த மெக்கோலோ என்னும் ஒரே நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்த மாத்திரத்தில், உலகக் குப்பையஞ்சல் சில காலத்திற்குப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஒருவன் கண்டும் காணாமல் இருந்ததால் உலகம் எவ்வளவு சுமந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வாடகைக்கு இடங்கொடுப்போர் தம் குடியிருப்பாளரின் செயலுக்கு விழித்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

இறுதியாக நாமும் தப்ப முடியாது. இக்காவலின் பயனைப் பல்லாண்டாக இலவசமாகப் பெற்றோம். காவலரின் பிழையால் ஒரு கடிதம் தவறும்போது கூக்குரலிடுகிறோம். அவர் காத்த ஆயிரம் நாள்களை நினைப்பதில்லை. பணமுள்ள நிறுவனங்கள் நல்ல பட்டியல்களுக்கு உரிய கட்டணம் செலுத்தட்டும். முறையீடுகளைப் படித்து விடையளிக்க ஆளமர்த்த வேண்டுமானால் அதற்குப் பணம் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் அப்பணத்தைக் கேட்கலாகாது எனில், காக்கப்படுபவரே தருதல் வேண்டும்.

எங்கள் சங்கத்தின் முகவரி பன்னிரண்டாம் நாள் பட்டியலிலிருந்து நீங்கியது. நீக்கியவர் யார், எதனால் நீக்கினார் என்று எவரும் எங்களுக்கு எழுதவில்லை. நினைவுக் கூட்டத்திற்கு வராதவர்களைச் செயலாளர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து நடந்ததை விளக்கினார். அவருள் சிலர் ஆசிரியரின் இல்லத்திற்கே சென்று துணைவியாரைக் கண்டு வந்தனர். அந்த விளக்கத்தை எங்களுக்குத் தர ஒருவரேனும் அன்று முன்வந்திருந்தால், அப்பட்டியலை எதிர்த்து ஒரு சொல்லும் நான் எழுதியிருக்க மாட்டேன். பட்டியல் வைத்திருப்போரிடம் நாம் கேட்பது பெரிதன்று: தட்டினால் திறக்கும் ஒரு கதவும், அதன் பின்னே விடைசொல்ல ஒரு மனிதரும்.